தரம் 10இல் தொகுதிப் பாடங்களும் விளையாட்டும்: வன்னி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் முழுமையான வழிகாட்டி

தரம் 9 முடியும் தறுவாயில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளையில், தரம் 10, 11இல் படிக்கப்போகும் மூன்று தொகுதிப் பாடங்களைத் தெரிந்து எழுதும் தாள் ஒன்று கொடுக்கப்படும். மூன்று கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் ஒரு பாடத்தின் பெயர், கீழே பெற்றோரின் கையொப்பம். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். வகுப்பாசிரியராக அந்தத் தாள்களைப் பல ஆண்டுகள் வாங்கி அடுக்கியிருக்கிறேன். ஒரே வாங்கில் இருக்கும் நான்கு பிள்ளைகளின் தாள்களில் ஒரே மூன்று பாடங்கள், ஒரே பேனா மையில் எழுதப்பட்டிருக்கும். கையொப்பம் இட்ட தாய்க்கு எதில் கையொப்பம் இட்டார் என்பதே தெரிந்திராது.

அடுத்த இரண்டு ஆண்டுகளும் அந்தத் தாளின்படிதான் நடக்கும். ஆகவே கேள்விகளைச் சரியான ஒழுங்கில் கேட்டு, அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே விடையோடு இருக்க வேண்டும். விளையாட்டையும் சேர்த்தே எழுதுகிறேன். எங்கள் பிரதேசத்தில் பாடத் தெரிவும் விளையாட்டும் ஒரே பஸ் நேரத்துக்குள்தான் அடங்க வேண்டியிருக்கிறது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தரம் 8, 9 தவணைப் பரீட்சைப் புள்ளி அறிக்கைகள், பிறப்புச் சான்றிதழ், வீட்டுக்குப் போகும் பஸ்களின் நேரம், ஒரு வெற்றுக் கொப்பி. இவற்றைத் தரம் 9இன் இரண்டாம் தவணையிலேயே சேர்த்து வையுங்கள். மூன்றாம் தவணையில் மாரி மழையும் பரீட்சையும் ஒன்றாக வந்துவிடும். அப்போது எதையும் தேட முடியாது.

பிறப்புச் சான்றிதழை இந்தப் பட்டியலில் கண்டு சிலர் வியப்பார்கள். காரணம் 7ஆம் படியில் இருக்கிறது.

## 1. ஒன்பது பாடங்களின் கணக்கை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள்

இப்போது நடைமுறையில் உள்ள க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழியும் இலக்கியமும், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லாருக்கும் கட்டாயம். மிகுதி மூன்றும் தொகுதிப் பாடங்கள்; மூன்று தொகுதிகளிலிருந்தும் ஒவ்வொன்று. ஒரே தொகுதியிலிருந்து இரண்டை எடுக்க முடியாது. "சித்திரமும் சங்கீதமும் எடுக்கப் போகிறேன்" என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை வந்து நிற்கும். இரண்டும் இரண்டாம் தொகுதிக்குள் இருக்கின்றன.

உயர்தரம் படிக்க ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும். மூன்று பாடங்களில் திறமைச் சித்தி, அதாவது 'சி' அல்லது அதற்கு மேல் வேண்டும். 35 புள்ளியில் 'எஸ்' (சாதாரண சித்தி), 50இல் 'சி', 65இல் 'பி', 75இல் 'ஏ'. இந்த எண்களைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுங்கள்.

தொகுதிப் பாடங்களின் பெறுமதி இந்தக் கணக்கில்தான் வெளிப்படுகிறது. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தடுமாறும் பிள்ளைக்கு மூன்று 'சி' எங்கிருந்து வரும்? சமயத்திலிருந்து ஒன்று வரலாம். மற்ற இரண்டும் பெரும்பாலும் தொகுதிப் பாடங்களிலிருந்துதான் வர வேண்டும். "கட்டாயப் பாடம்தானே முக்கியம், தொகுதியில் எதையாவது போடு" என்று சொல்லும் பெற்றோர் பிள்ளையின் உயர்தர வாசலில் ஒரு கதவைத் தாங்களே சாத்துகிறார்கள்.

## 2. பாடசாலையில் எந்தப் பாடம் உண்மையில் நடக்கிறது என்று பாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே "எனக்கு எது விருப்பம்" என்ற கேள்விக்குப் போகிறார்கள். பெரிய நகரங்களில் அது சரியாக இருக்கலாம். துணுக்காய், மடு, வவுனியா வடக்கு போன்ற கல்வி வலயங்களின் உட்கிராமப் பாடசாலைகளில் விருப்பத்துக்கு முன் ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். தரம் 11 வரையுள்ள சிறிய பாடசாலை ஒன்றில் ஒரு தொகுதிக்கு ஒன்றோ இரண்டோ பாடங்கள்தான் இருக்கும். அதில் ஒன்றுக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போயிருப்பார்.

ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தப் பாடத்துக்கென நியமனம் பெற்ற ஆசிரியரா, வேறு பாட ஆசிரியர் பார்த்துக்கொள்கிறாரா? அவர் அடுத்த ஆண்டும் இங்கே இருப்பாரா? சென்ற ஆண்டு எத்தனை பேர் தோற்றி எத்தனை பேர் 'சி'க்கு மேல் எடுத்தார்கள்? செய்முறைக்கு வேண்டிய பொருட்கள் இருக்கின்றனவா?

கடைசிக் கேள்விக்கு வாய்ச்சொல்லை நம்பாமல் கண்ணால் பாருங்கள். ஒரு பாடசாலையின் கணினி அறைக்குத் தகப்பன் ஒருவரோடு போனேன். நீலத் துணி போர்த்திய பன்னிரண்டு கணினிகள் வரிசையாக இருந்தன. துணியை விலக்கி ஆளியைப் போட்டோம். நான்குதான் உயிர் பெற்றன. ஒன்றில் விசைப்பலகை இல்லை. அந்த வகுப்பில் முப்பத்தோரு பிள்ளைகள். தகப்பன் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து, "விவசாய ரீச்சர் எங்கே இருப்பா?" என்று கேட்டார். அவருடைய மகன் பாடசாலைத் தோட்டத்தில் கத்தரியும் பயற்றையும் நட்டு விவசாயத்தில் 'ஏ' எடுத்தான்.

இந்தக் கேள்விகளை அதிபரிடம் நேரே கேட்கத் தயங்கினால், இப்போது தரம் 11இல் படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். அவர்களுடைய கொப்பியைப் புரட்டினாலே போதும்; பாதியில் நின்றுபோன கொப்பி பாதியில் நின்றுபோன பாடத்தைக் காட்டும்.

## 3. உயர்தரத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பதினான்கு வயதுப் பிள்ளையிடம் "என்ன ஆகப்போகிறாய்" என்று கேட்டால் வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர் என்று சொல்லும். அந்த விடையை வைத்துத் தொகுதிப் பாடத்தைத் தெரிவு செய்ய முடியாது. "உயர்தரத்தில் எந்தத் துறை, அது எந்தப் பாடசாலையில் இருக்கிறது" என்று கேளுங்கள்.

கணித, விஞ்ஞானத் துறைகளுக்குப் போக நினைப்பவருக்குக் கட்டாயப் பாடங்களிலுள்ள கணிதமும் விஞ்ஞானமும்தான் அடித்தளம். தொகுதிப் பாடம் அங்கே துணை மட்டுமே. ஆகவே அவர் நல்ல ஆசிரியர் உள்ள, நேரத்தை அதிகம் விழுங்காத பாடங்களை எடுக்கலாம். வணிகத்துறைக்குப் போகிறவர் வணிகக் கல்வியும் கணக்கீடும் படித்திருந்தால் உயர்தரத்தின் முதல் தவணையில் மூச்சு வாங்க மாட்டார். கலைத்துறையில் புவியியலோ நாடகமோ சங்கீதமோ எடுக்க நினைப்பவருக்குத் தொகுதிப் பாடமே நேரடிப் படிக்கட்டு. 2013இல் தொடங்கிய தொழினுட்பத் துறையில் பொறியியற் தொழினுட்பவியலும் உயிர்முறைமைத் தொழினுட்பவியலும் இருக்கின்றன. விவசாயம் அல்லது வடிவமைப்புப் பாடங்களில் கைபழகிய பிள்ளைக்கு அங்கே அந்நியம் குறைவு.

அடுத்த பாடசாலை எது என்பதையும் இப்போதே எழுதுங்கள். தரம் 11உடன் முடியும் பாடசாலையில் படிக்கும் பிள்ளை வேறு இடத்தில் உயர்தரம் படிக்க வேண்டும். அங்கே அந்தத் துறைக்கு எந்தப் பெறுபேறு கேட்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். துறைக்குத் துறை அது மாறும்.

உயர்தரத்துக்குப் பிறகு வரும் இடங்களும் இன்று தூரத்தில் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. அதே இடத்தில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகம். பிள்ளையை ஒருநாள் அறிவியல் நகருக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பஸ் சன்னலிலிருந்து பார்த்தாலும் போதும். "விவசாயம் படித்து என்ன செய்வது" என்ற கேள்வியை அதன்பின் வேறு தொனியில் கேட்கும்.

## 4. மூன்று தொகுதிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்

முதல் தொகுதியில் எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் வழமையாகக் கிடைப்பவை புவியியல், குடியியற் கல்வி, வணிகக் கல்வியும் கணக்கீடும், முயற்சியாண்மைக் கல்வி, இரண்டாம் மொழி சிங்களம். புவியியலில் 1:50,000 இடவிளக்கப் படம் வரும். அதை ஆறு மாதம் பழகிய பிள்ளைக்கு அது புள்ளி தரும் பகுதி. பரீட்சைக்கு முதல் வாரம் திறக்கும் பிள்ளைக்குப் புள்ளியைப் பறிக்கும் பகுதி. சம உயரக் கோடு விளங்காவிட்டால் குளத்துக் கட்டில் ஏறி நின்று, நீர் மட்டம் குறையக் குறையக் கரையில் விழும் வரிகளைக் காட்டுங்கள். வன்னியில் பிறந்த பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த படம் இல்லை. கணக்கீட்டில் ஐந்தொகையின் இரண்டு பக்கமும் பொருந்தும்வரை விடாமல் இருக்கும் பொறுமை வேண்டும். கணிதத்தில் 'எஸ்' எடுப்பவரும் இதில் 'பி' எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் மொழி சிங்களத்தைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. 2007 ஜூலை 1க்குப் பின் அரச சேவையில் சேரும் உத்தியோகத்தர்கள் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது விதி. இருபத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டிப் படிப்பதைவிடப் பதினைந்தில் படிப்பது இலகு. ஆசிரியர் இருந்தால் துணிந்து எடுக்கலாம்.

இரண்டாம் தொகுதி அழகியலும் இலக்கியமும்: சித்திரம், கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம், ஆங்கில இலக்கிய நயம். பிழைகள் அதிகம் நடப்பது இங்கேதான். "சித்திரம் லேசு" என்ற நம்பிக்கையில் வருடந்தோறும் வகுப்பில் பாதிப்பேர் அதற்குள் விழுகிறார்கள். வரைதலோடு கலை வரலாறும் உண்டு. சிகிரியா ஓவியத்தையும் தஞ்சைச் சிற்பத்தையும் படித்து நினைவில் வைக்க விரும்பாத பிள்ளைக்கு அது லேசு இல்லை. சங்கீதம், நடனம், நாடகம் மூன்றுக்கும் எழுத்துத் தாளோடு செய்முறைப் பரீட்சையும் இருக்கிறது. தாளம் பிடிக்கக் கூச்சப்படும் பிள்ளை இதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். முள்ளியவளைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கோவலன் கூத்தை மடியில் இருந்தபடியே கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு நாடகமும் அரங்கியலும் வீட்டுப் பாடம். ஆசிரியர் இல்லாத இடத்தில் தமிழ் இலக்கிய நயம் நம்பகமானது. தாய்மொழிப் பாடத்துக்கு அது கைகொடுக்கும். நூலும் கடந்தகால வினாத்தாளும் இருந்தால் ஓரளவு தாமாகவே படிக்கலாம்.

மூன்றாம் தொகுதி தொழினுட்பமும் வாழ்க்கைத் தேர்ச்சியும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், விவசாயமும் உணவுத் தொழினுட்பமும், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும், வடிவமைப்பு சார்ந்த பாடங்கள், நீருயிரின வளத் தொழினுட்பம் இதில் அடங்கும். கடைசிப் பாடம் கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் ஓரத்துப் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்டது போல இருக்கிறது. ஆனால் கற்பிக்கும் பாடசாலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சுகாதாரமும் உடற்கல்வியும் பற்றித் தனியே சொல்ல வேண்டும். "நான் ஓடுவேன், ஆகவே இந்தப் பாடம்" என்று எடுப்பவர்களும், "எனக்கு ஓட வராது, ஆகவே இது வேண்டாம்" என்று விடுபவர்களும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். பரீட்சை மைதானத்தில் நடப்பதில்லை, தாளில் நடக்கிறது. போசாக்கு, உடற்றொகுதிகள், நோய்த்தடுப்பு, முதலுதவி, கரப்பந்து, வலைப்பந்து, உதைபந்து விதிகள், மெய்வல்லுநர் நிகழ்ச்சிகளின் நுட்பம் எல்லாம் எழுத வேண்டும். மாகாண மட்டத்தில் ஓடிய பிள்ளை இதில் 'எஸ்' எடுத்ததும், மைதானப் பக்கமே வராத பிள்ளை 'ஏ' எடுத்ததும் என் வகுப்பில் நடந்தவை. அதேபோல, பாடசாலை அணியில் சேர இந்தப் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

## 5. ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள்

தெரிவு இரண்டாகச் சுருங்கியதும் இரண்டு பாடங்களின் தரம் 10 பாடநூல்களையும் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்குங்கள். முதல் இரண்டு அலகுகளைப் பிள்ளை தானாக வாசிக்கட்டும். பிறகு கடந்தகாலப் பல்தேர்வு வினாத்தாளில் அந்த அலகு சார்ந்த வினாக்களைச் செய்யட்டும்.

புள்ளியைப் பார்க்க வேண்டாம். எந்த நூலைப் பிள்ளை இரண்டாம் நாளும் யாரும் சொல்லாமல் எடுத்தது என்று பாருங்கள். ஆசிரியர் வராத நாட்கள் எங்கள் பாடசாலைகளில் இருக்கத்தான் செய்கின்றன. தானாக எடுத்து வாசிக்கும் பாடமே அந்த நாட்களைத் தாங்கும்.

## 6. விளையாட்டைத் தெரிவு செய்தல்: உடலிடம் கேளுங்கள்

இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் பெரும்பாலான பிள்ளைகள் தங்கள் நிகழ்ச்சியைத் தெரிகிறார்கள். அண்ணன் குண்டெறிதலில் இறங்கியதால் தம்பியும் குண்டெறிதல், கூட்டாளி 100 மீற்றர் ஓடுவதால் தானும் 100 மீற்றர். மூன்று வாரத்தில் ஒன்றும் வராது. தசைப்பிடிப்பு மட்டும் வரும்.

ஒரு காலைப்பொழுதில் நான்கு சோதனைகள் செய்யலாம். 30 மீற்றர் தூரத்தை நின்ற நிலையிலிருந்து ஓடி நேரம் எடுங்கள். நின்ற இடத்திலிருந்து இரு காலாலும் முன்னே பாய்ந்து தூரம் அளவுங்கள். கிரிக்கெட் பந்தை எறிந்து தூரம் பாருங்கள். பன்னிரண்டு நிமிடத்தில் மைதானத்தை எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணுங்கள். முதல் இரண்டிலும் முன்னுக்கு வரும் பிள்ளைக்குக் குறுந்தூர ஓட்டமும் நீளம் பாய்தலும். மூன்றாவதில் வருபவருக்கு ஈட்டி. நான்காவதில் வருபவர் 1500 மீற்றருக்கும் அதற்கு மேலும் போகலாம். சைக்கிளில் நாளுக்கு எட்டு, பத்துக் கிலோமீற்றர் மிதித்துப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளிடம் நீண்டதூரத்துக்கான மூச்சு ஏற்கெனவே இருக்கிறது. யாரும் சோதித்துப் பார்க்காததால் அது தெரியாமல் கிடக்கிறது.

எறிதல் நிகழ்ச்சிகளில் ஒரு வழமையான பிழை, களஞ்சிய அறையில் கிடக்கும் ஒரே குண்டை எல்லாரும் எறிவது. சர்வதேச விதிப்படி வளர்ந்த ஆண்களின் குண்டு 7.26 கிலோகிராம், 20 வயதுக்குட்பட்டோருக்கு 6, 18 வயதுக்குட்பட்டோருக்கு 5. 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 3. பதினைந்து வயதுப் பிள்ளை பெரியவர்களின் குண்டோடு பழகினால் தோளும் கெடும், முறையும் கெடும். பாடசாலைப் போட்டிக்கான நிறையைச் சுற்றறிக்கையில் பார்த்து அதே நிறையில் பழகுங்கள்.

குழு விளையாட்டா தனி நிகழ்ச்சியா என்பதை ஊர் தீர்மானிக்கும். கரப்பந்தும் உதைபந்தும் பழக ஊருக்குள்ளேயே விளையாட்டுக் கழகம் இருக்கும். பாடசாலை முடிந்தபின் தங்க முடியாத பிள்ளை அங்கே பழகலாம். வலைப்பந்து, எல்லே, கபடி போன்றவற்றில் சிறிய பாடசாலைக்கும் அணி சேர்க்க முடியும். சதுரங்கத்துக்கும் கரம் போர்டுக்கும் மைதானமே வேண்டாம்; உடற்குறை உள்ள பிள்ளைகளையும் சேர்த்து விளையாடலாம்.

நிதி குறைந்த பாடசாலைக்கு என் பரிந்துரை அஞ்சலோட்டம். 4×100 மீற்றரில் கோல் மாற்றும் பகுதி 30 மீற்றர். சுமாராக ஓடும் நான்கு பிள்ளைகள் அந்த 30 மீற்றரை மூன்று மாதம் பழகினால், வேகமாக ஓடிக் கோலைத் தவறவிடும் அணியை வெல்வார்கள். வேண்டிய உபகரணம் ஒரு கோல் மட்டும். கோல் இல்லாவிட்டால் அதே அளவில் வெட்டிய தண்ணீர்க் குழாய்த் துண்டு போதும்.

## 7. வயதுப் பிரிவும் ஆவணங்களும்

பாடசாலைப் போட்டிகள் 16, 18, 20 வயதுக்குட்பட்டோர் என்று பிரிந்து நடக்கின்றன. வயது எந்தத் திகதியில் கணிக்கப்படும் என்பதை அந்த ஆண்டின் சுற்றறிக்கையில் பாருங்கள். சில நாள் வித்தியாசத்தில் ஒரு பிள்ளை மேற்பிரிவுக்குத் தள்ளப்படலாம். அப்படியானால் எறிபொருளின் நிறையும் தடையின் உயரமும் மாறும். இது தெரியாமல் பழகிவிட்டுப் போட்டியன்று அழுத பிள்ளைகளைத் தேற்றியிருக்கிறேன்.

வயதை நிறுவப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். போருக்குப் பின் வன்னியில் எத்தனையோ குடும்பங்களிடம் மூலப்பிரதி இல்லை. 2009, 2010இல் முகாம்களில் இருந்த காலத்தில் பிறந்த பிள்ளைகளின் பதிவு செட்டிகுளம், வவுனியா என்று வேறிடத்தில் இருக்கும். சிலருடைய பெயரில் எழுத்துப் பிழை. பாடசாலை இடாப்பில் ஒன்று, சான்றிதழில் இன்னொன்று. பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கவும் பிழையைத் திருத்தவும் வாரங்கள் எடுக்கும். ஆகவேதான் தரம் 9இலேயே எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதே சான்றிதழ் தேசிய அடையாள அட்டைக்கும் வேண்டும். அடையாள அட்டை பரீட்சை மண்டபத்துக்கு வேண்டும். ஒருமுறை அலைந்தால் மூன்று வேலை முடியும்.

இத்துடன் பெற்றோரின் சம்மதக் கடிதம், புகைப்படங்கள், கேட்டால் மருத்துவச் சான்றிதழ். வலிப்பு, ஆஸ்துமா, இதய நோய் எதுவும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். "சொன்னால் அணியில் எடுக்க மாட்டார்கள்" என்று மறைத்த பிள்ளை மைதானத்தில் விழுந்தால், என்ன செய்வது என்று அங்கே நிற்கும் எவருக்கும் தெரியாது.

## 8. பயிற்சி நேரத்தைப் பஸ்ஸுக்கும் வெயிலுக்கும் ஏற்ப அமையுங்கள்

பயிற்சி மாலை மூன்றரைக்குத் தொடங்கும், கடைசி பஸ் நாலேகாலுக்கு. உள்வீதிகளில் இருட்டிய பிறகு யானை நிற்கும். பெண் பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்திவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பயிற்சியைக் காலைக்கு மாற்றுங்கள்.

நீளம் பாயும் ஒரு மாணவி முதல் பஸ்ஸில் ஆறேகாலுக்கு வந்துவிடுவாள். காலைக் கூட்டத்துக்கு முன் நாற்பது நிமிடம். முதல் வேலை மண்வெட்டியால் பாய்ச்சற் குழியைக் கிளறுவது. இரவில் மாடுகள் படுத்து மணலை இறுக்கியிருக்கும். பிறகு நைலோன் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்த அளவால் ஓட்டப் பாதையை அளப்பாள். அதற்கு முந்திய ஆண்டு முழுவதும் அவள் மிதிபலகைக்கு ஓரடி பின்னால் இருந்தே பாய்ந்துகொண்டிருந்தாள். ஓடத் தொடங்கும் இடம் நாளுக்கு நாள் மாறியதே காரணம். கயிறு வந்த பிறகு கால் பலகையில் விழுந்தது. வேறெதையும் அவள் மாற்றவில்லை.

மார்ச், ஏப்ரல் வெயிலில் காலை ஒன்பதுக்குப் பின் கடும்பயிற்சி வேண்டாம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இடையிடையே தண்ணீர் குடிக்கச் செய்யுங்கள். வியர்த்து ஊற்றிய நாளில் தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியும், மயங்கும் நிலை என்றால் ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்), நிழல், உடனே வைத்தியசாலை. வெறும் தேநீரோடு வரும் பிள்ளையை ஓடவிடாதீர்கள். அவித்த பயறு, கடலை, குரக்கன் ரொட்டி, ஒரு முட்டை இருந்தால் போதும். மாதவிடாய் நாட்களில் பயிற்சியைக் குறைப்பதா என்பதை அந்தப் பிள்ளையே சொல்லட்டும். கேட்பதற்கு ஓர் ஆசிரியை இருக்க வேண்டும்.

சப்பாத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். கிரவல் மைதானத்தில் சாதாரண ஓட்டச் சப்பாத்து போதும். வெறுங்காலோடு பழகிய பிள்ளைக்குச் செயற்கைத் தடத்தில் ஓட முள் சப்பாத்து கிடைத்தால், போட்டிக்கு இரு வாரம் முன்பாவது அதைப் போட்டுப் பழகக் கொடுங்கள். போட்டியன்று முதன்முதலாகப் போட்டால் காற்கொப்புளந்தான் மிச்சம்.

## 9. போட்டியின் ஏணி

முதலில் இல்ல மட்டம், பிறகு வலயம், மாகாணம், தேசியம். ஒரு படியில் தவறினால் அந்த ஆண்டு முடிந்தது. ஒருவர் எத்தனை நிகழ்ச்சிகளில் பங்குபற்றலாம் என்பதற்கு எல்லை இருக்கிறது. இல்லத்துக்குப் புள்ளி சேர்க்க வேண்டும் என்று நல்ல ஓட்டக்காரியை எல்லாவற்றிலும் போட்டுக் களைக்க வைப்பது வருடாந்தம் நடக்கும் வீண்வேலை. ஒரு முதன்மை நிகழ்ச்சி, ஒரு துணை நிகழ்ச்சி, அஞ்சலோட்டம். அதற்கு மேல் வேண்டாம்.

குறுந்தூர ஓட்டத்தில் ஒருமுறை பிழையாகத் தொடங்கினாலே வெளியேற்றம். பாடசாலையில் விசிலுக்கு ஓடிப் பழகிய பிள்ளை வலய மட்டத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குத் திடுக்கிடும். இரண்டு பலகைகளைச் சேர்த்து அடித்துப் பழக்குங்கள்.

சான்றிதழ்கள் அனைத்தையும் ஒரே கோவையில் வையுங்கள், பிரதி எடுத்து வேறிடத்திலும் வையுங்கள். உயர்தரத்துக்குப் பின் புறக்கிருத்தியத் திறமைக்கான விசேட பல்கலைக்கழக அனுமதிக்குத் தேசிய மட்டச் சாதனை கேட்கப்படும். உயர்தரத்தில் ஆகக்குறைந்த தகைமையும் வேண்டும். சப்ரகமுவ, ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகங்களில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டப்படிப்பே இருக்கிறது. ஓடினால் மட்டும் போதும் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லாதீர்கள்.

## 10. தவறிய பாடங்களை அதே வாரத்தில் பிடியுங்கள்

போட்டிக்குப் போய் மூன்று நாள் தவறினால் வகுப்பில் ஒருவர் கொப்பியைக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும். கணிதம், விஞ்ஞானம் இரண்டையும் திரும்பி வந்த முதல் ஞாயிறே எழுதி முடிக்க வேண்டும். மற்றவை இரண்டாம் வாரம் போகலாம். கணிதத்தில் ஓர் அலகு விட்டால் அடுத்த அலகும் விளங்காது, வரலாற்றில் அப்படி இல்லை.

அண்மைய ஆண்டுகளில் சாதாரண தரப் பரீட்சை டிசம்பரிலிருந்து விலகி, ஆண்டின் முற்பகுதியில் நடந்திருக்கிறது. விளையாட்டுப் பருவமும் அதே காலத்தில் தொடங்குவதால் தரம் 10ஐ விளையாட்டின் முழு ஆண்டாகவும், தரம் 11ஐ உடலைப் பேணும் ஆண்டாகவும் வைத்துக்கொள்வது நல்லது. கடைசி மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு இலேசான ஓட்டம் போதும். முற்றாக நிறுத்தச் சொல்லும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்: ஓடிப் பழகிய பிள்ளையை நாள் முழுவதும் கதிரையில் இருத்தினால் நித்திரை கெடும், படிப்பும் ஏறாது.

## 11. தாளை நிரப்புதலும் சரிபார்த்தலும்

இப்போது அந்த வெள்ளிக்கிழமைத் தாளை எடுங்கள். மூன்று பாடங்களையும் பாடநூலின் அட்டையில் உள்ள முழுப்பெயரில் எழுதுங்கள். "ரெக்னோலொஜி" என்று எழுதிய ஒரு பிள்ளையை நாங்கள் எந்த வகுப்பில் விடுவது? ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டாம் தெரிவையும் பென்சிலால் எழுதி வையுங்கள். ஆசிரியர் மாற்றலானால் அது உதவும். பிள்ளையும் பெற்றோரும் ஒன்றாக இருந்து வாசித்துவிட்டுக் கையொப்பம் இடுங்கள்.

மாற்ற வேண்டுமென்றால் தரம் 10இன் முதல் நான்கைந்து வாரத்துக்குள் அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டாம் தவணைக்குப் பின் மாறுபவர் மற்றவர்கள் முடித்த அலகுகளைத் தனியே தூக்க வேண்டும்.

கடைசிச் சரிபார்ப்பு இரண்டு ஆண்டு கழித்து வரும். தரம் 11இல் பாடசாலை மூலம் போகும் பரீட்சை விண்ணப்பத்தில் பாட இலக்கம் எழுதப்படும். ஓர் இலக்கம் மாறினால் படிக்காத பாடத்தின் வினாத்தாள் கைக்கு வரும். விண்ணப்பம் போகும் முன் பிள்ளை தன் கண்ணால் பார்க்க வேண்டும். அனுமதி அட்டை வந்ததும் ஒன்பது பாடங்களையும் மொழிமூலத்தையும் பெயரையும் பிறப்புச் சான்றிதழோடு வைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அன்றே அதிபரிடம் போங்கள். திருத்தம் கொழும்பிலிருந்து வர வேண்டும்.